இருபத்திரண்டு மீட்டர்

கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ், குட்மேய்ஸ் பக்கத்தில் கார் ஓடுகிற தமிழ்ப் பெண்களில் பாதிப் பேராவது ஜெயகௌரியிடம் பழகியவர்களாக இருப்பார்கள். பதினாறு வருடமாக அவள் டிரைவிங் பழக்குகிறாள். ரவுண்டபவுட்டைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், மூன்று தரம் சோதனையில் தவறி அழுதுகொண்டு வருகிறவர்கள், பக்கத்தில் இருந்து கணவன் கத்திய கத்தலில் கை நடுக்கம் பிடித்தவர்கள் எல்லாரும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேருவார்கள். அவள் குரலை உயர்த்தமாட்டாள். யாராவது பிழை விட்டால் காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, "இப்ப என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்பாள். பதில் வரும்வரை காத்திருப்பாள்.

இப்படி ஊருக்கே பழக்கிக்கொண்டிருந்தவளுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் முயல் வேட்டை பழக வேண்டும் என்று ஆசை வந்தது. அதைப் பழக்கிவிட அவளுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஆசைக்கு வேர் டென்மார்க்கில் இருந்தது. லண்டனுக்கு வருமுன் பதின்மூன்று வருடம் அவளும் கணவர் யோகராஜாவும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. இலையுதிர்காலம் வந்தால் அக்கம்பக்கத்து வேட்டைக்காரர்கள் முயல்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். தோலுரித்து, குடல் எடுத்து, துண்டு போடுவது அவள் பொறுப்பு. கை கூசாமல் செய்வாள். ஆனால் அந்த உயிர் வயலில் நின்றதற்கும் தன் மேசைக்கு வந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின் பாதியை மட்டும் செய்துகொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஒரு வேட்டைக்காரரிடம் தானும் கூட வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். நல்ல மனிதர்தான். சிரித்துவிட்டு, "உனக்குக் குளிரும்" என்றார்.

பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தார்கள். வேலை, வீடு, பிள்ளைகள் என்று வருடங்கள் ஓடின. கோழி பிளாஸ்டிக் தட்டில் வந்தது, ஆடு பையில் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வசந்தகால மாலையில் கம்சிகா என்ற மாணவியைக் கிராமத்து ஒடுங்கிய வீதிகளில் ஓடப் பழக்க ஒங்கார் பக்கம் கூட்டிப்போனாள். எதிரே ஒரு டிராக்டர் வர, கம்சிகா பயந்து ஒரு வயல் வாசற் படலையடியில் காரை நிறுத்திவிட்டாள். டிராக்டர் கடக்கும்வரை இருவரும் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரமாகப் பதினொரு முயல்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கம்சிகா போனில் படம் எடுத்தாள். ஜெயகௌரி காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தாள். ஏன் பார்த்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஒரு துவக்கு வாங்கி முயல் சுடப் பழகப்போவதாக வீட்டில் சொன்னபோது யோகராஜா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். அதிகம் பேசாதவர்.

"எங்கட சனம் துவக்கைக் கண்டு ஓடி வந்த சனம். நீர் கடைக்குப் போய் அதைத் தேடி வாங்கப் போறீர்" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. ஊரில் சண்டைக் காலத்தில் தன் தம்பி எப்படிச் செத்தான் என்பது அவளுக்கும் மறக்கவில்லை. ஆனால் அதையும் இதையும் ஒன்றாக்க அவள் மனம் ஒப்பவில்லை. இறைச்சி தின்கிறவள் ஒருதரமாவது அந்த வேலையைத் தானே செய்து பார்க்க வேண்டும், முடியாவிட்டால் மரக்கறிக்கு மாறிவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததை அப்படியே கணவரிடம் சொன்னாள். அவர் ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மகள் துஷ்யாதான் கவலைப்பட்டாள். "அம்மா, நீங்கள் துவக்கோட வயலுக்கை நிண்டால் ஆராவது பொலிசுக்குப் போன் அடிப்பினம். ஐ அம் சீரியஸ்" என்றாள். அதுவும் நியாயம்தான். சட்டத்தை முழுக்கப் படிக்காமல் ஓரடியும் வைப்பதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தாள்.

படித்தாள். குறைந்த சக்தி உள்ள காற்றுத் துவக்குக்கு இங்கிலாந்தில் லைசன்ஸ் வேண்டியதில்லை, ஆனால் காணிச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் ஒரு முயலைக்கூடத் தொட முடியாது என்று அறிந்தாள். கடைக்கு நேரே போய், அடையாள அட்டையைக் காட்டி, ஒரு துவக்கும் அதில் போடும் ஈயச் சன்னங்களும் பூட்டுப் போட்ட பெட்டியும் வாங்கினாள். எசெக்ஸ் பக்கத்தில் ஒரு குறிபார்க்கும் கிளப்பில் சேர்ந்தாள். ஞாயிறு காலைகளில் போவாள். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரர்கள். பாதுகாப்பு விதிகளை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள், தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள், காகிதத்தில் சுடுவதைப் பாராட்டினார்கள். வேட்டை என்று வாயெடுத்தால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். தாங்கள் போகும் வயல் எது என்று அவர்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்வதில்லை. கூட வரட்டுமா என்று இரண்டு பேரிடம் கேட்டாள். ஒருவர் முழங்கால் வருத்தத்தைப் பற்றிப் பேசினார். மற்றவர் பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை.

யூடியூப்பில் தேடினாள். அங்கே எல்லாரும் அடித்த முயல்கள்தான் இருந்தன. தவறவிட்ட முயலையோ, காயப்பட்டு ஓடிய முயலையோ ஒருவரும் காட்டவில்லை. பிழையைக் காட்டாத வாத்தியாரிடம் படிக்க ஒன்றுமில்லை என்று அதை மூடிவைத்துவிட்டு நூலகத்தில் முயலைப் பற்றிய புத்தகங்களை எடுத்தாள். எப்போது மேயும், எவ்வளவு தூரம் கேட்கும், பின்காலால் நிலத்தில் தட்டி எப்படி மற்றவற்றை எச்சரிக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. தன் மாணவிகளுக்கு வைத்திருப்பதைப் போல ஒரு முன்னேற்றக் குறிப்பேட்டைத் தனக்கும் தொடங்கினாள். முதல் பக்கத்தில் மேலே, 'மாணவி: ஜெயகௌரி' என்று எழுதினாள். எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தக் குறிப்பேட்டில் இருந்துதான் அவளுடைய தூரம் வந்தது. நிலத்தில் உட்கார்ந்து, தாங்குகோலில் துவக்கை வைத்து, ஐந்து சன்னத்தில் ஐந்தும் இரண்டு பென்ஸ் நாணயக் குற்றி அளவு வட்டத்துக்குள் விழவேண்டும் என்று விதி வைத்தாள். முப்பது மீட்டரில் மூன்று விழுந்தது. இருபத்தைந்தில் நான்கு. இருபத்திரண்டில் ஐந்தும் விழுந்தது, அடுத்த வாரமும் விழுந்தது, மழையிலும் விழுந்தது. கிளப்பில் ஐம்பது மீட்டருக்கு அடிக்கிறவர்கள் இருந்தார்கள். அவள் இருபத்திரண்டு என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அடுத்தது காணி. பண்ணைகளுக்குக் கடிதம் எழுதினாள், இரண்டு பதில்தான் வந்தது, இரண்டும் இல்லையென்று. பிறகு பாடம் இல்லாத நேரங்களில் நேரே போய்க் கதவைத் தட்டினாள். கூரையில் 'கௌரி டிரைவிங்' என்ற பலகையோடு கார் முற்றத்துக்குள் வருவதைப் பார்த்து, பழகுகிறவர் வழிதவறி வந்துவிட்டார் என்று நினைத்துப் பிரதான வீதிக்குக் கைகாட்டியவர்களும் உண்டு. ஒருவர் அவள் கேட்டதை மூன்று தரம் திருப்பிக் கேட்டார். பதினேழாவது வீடு திருமதி பென்ஃபோல்டுடையது. எழுபது வயதை நெருங்கிய அம்மா. மற்றவர்களின் குதிரைகளைத் தன் புல்வெளிகளில் வைத்துப் பராமரிக்கிறவர். முயல்கள் தோண்டிய பொந்தில் கால் மாட்டிப் போன வருடம் ஒரு குதிரை நொண்டியாகியிருந்தது.

இதற்குமுன் எத்தனை முயல் அடித்திருக்கிறாய் என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள் ஜெயகௌரி. எவ்வளவு தூரத்துக்கு அடிப்பாய் என்று கேட்டார். இருபத்திரண்டு மீட்டர், அதற்கு மேல் மாட்டேன் என்றாள். அந்த அம்மா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முன்பு வந்த ஒரு மனிதர் தனக்குக் குறி தவறியதே இல்லை என்று சொன்னதாகவும், அவர் போனபிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தாடை உடைந்த முயல் ஒன்றைத் தான் கண்டெடுத்ததாகவும் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். முதல் மூன்று வாரமும் துவக்கில்லாமல் வரவேண்டும். காணியை நடந்து பார்த்துவிட்டு, எந்த இடத்தில் நின்று எந்தப் பக்கம் சுடக்கூடாது என்பதைத் தனக்குச் சொல்லவேண்டும்.

மூன்று வாரமும் போனாள். சோதனைப் பாதைகளை வரைந்து பழகிய கையால் காணியை வரைந்தாள். நடைபாதை எங்கே, குதிரைகள் எந்த மணிக்கு எங்கே நிற்கும், சன்னம் தவறினால் போய்ப் புதைய மண்மேடு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை. படத்தைப் பார்த்த திருமதி பென்ஃபோல்ட் உள்ளே போய் ஒரு தாளில் அனுமதியை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஜெயகௌரி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அது பின்னர் ஒருநாள் உதவியது. நாயோடு நடைபாதையில் வந்த ஒருவர் அவளைக் கண்டு நின்று போனை எடுத்தார். அவள் சன்னத்தை வெளியே எடுத்துவிட்டு, துவக்கை நிலத்தில் வைத்துவிட்டு, கையை உயர்த்தி வணக்கம் சொல்லித் தாளைக் காட்டினாள். அவர் வாசித்துவிட்டு, மேற்கு வேலியில் நிறைய முயல் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முயலைக் கண்ணால் காண்பதும் கிட்டப் போவதும் ஒன்றல்ல என்பதை அந்தக் கோடை அவளுக்குக் காட்டியது. நாற்பது மீட்டரில் ஒன்று தலையை உயர்த்தும். முப்பதில் ஒன்று நிலத்தைத் தட்டும். அடுத்த கணம் வெறும் புல். தரை ஓடு பதிக்கிறவர்கள் கட்டும் முழங்கால் மெத்தையைக் கட்டிக்கொண்டு தவழ்ந்தாள். காஞ்சொறிச் செடி பட்டுக் கை எரிந்தது. சட்டையில் சலவைத்தூள் வாசம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, வேட்டைச் சட்டையை வெறும் தண்ணீரில் அலசினாள். காற்றுக்கு எதிரே வந்தால் இன்னும் ஐந்து மீட்டர் கிட்டப் போகலாம் என்று கண்டாள். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினாள். ஆறு வாரத்தில் ஒரு சன்னம்கூட வெளியே போகவில்லை.

ஏழாவது வாரம் போனது. போயிருக்கக்கூடாது.

அன்று ஒரு பெரிய முயல் தனியே, பக்கவாட்டாக, அசையாமல் நின்றது. தூரம் முப்பது இருக்கும். அவளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே, இருபத்திரண்டுதான் என்று தனக்குத் தானே சொன்னாள். ஆறு வாரம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போன அலுப்பு அந்த எட்டு மீட்டரைத் தின்றுவிட்டது. விசையை அழுத்தினாள். முயல் துள்ளி விழுந்து, பின்பாகத்தை இழுத்துக்கொண்டு முட்பற்றைக்குள் போய் மறைந்தது.

துவக்கை வெறுமையாக்கி வைத்துவிட்டு அவள் பற்றைக்குள் புகுந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் முழங்காலிலும் வயிற்றிலும் தேடினாள். கையெல்லாம் கீறி இரத்தம் வந்தது. ஒரு வேரடியில் அது கண்ணைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. செய்யவேண்டியது என்ன என்று புத்தகத்தில் படித்திருந்தாள். கழுத்தைப் பிடித்து ஒரே இழுவையில் செய்தாள். முடிந்தபிறகு அங்கேயே இருந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன நடந்தது?" என்று தன்னிடமே கேட்டாள். பிழை விசையை அழுத்தியபோது நடக்கவில்லை. இருபத்திரண்டு என்று பொய் சொன்னபோதே அது நடந்துவிட்டது.

அந்த முயலை எடுத்துக்கொண்டு நேரே திருமதி பென்ஃபோல்டின் கதவைத் தட்டினாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். காணியை விட்டுப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தாள். அந்த அம்மா அவளுடைய கைகளைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டுக் கைகழுவத் தண்ணீரைத் திறந்துவிட்டார். முன்பு வந்தவர் ஒருபோதும் கதவைத் தட்டவில்லை என்று மட்டும் சொன்னார். ஜெயகௌரி தன்னைத் தானே சோதனையில் பெயிலாக்கிவிட்டதாகவும், மறுபடி சோதனை வைத்துத் தேறும்வரை துவக்கோடு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு மாதம் கிளப்பில்தான் கழிந்தது. இந்தமுறை குறி பார்ப்பதை விடத் தூரத்தைக் கணிக்கவே அதிகம் பழகினாள். புல்லில் கிடக்கும் ஒரு கல்லைப் பார்த்துத் தூரத்தைச் சொல்லுவாள், பிறகு நடந்து அளப்பாள். பாடத்துக்கு வருகிறவர்களோடு வீதியில் நிற்கும்போதும் விளக்குக் கம்பங்களின் தூரத்தை மனத்துக்குள் கணித்துக்கொண்டிருப்பாள். யோகராஜா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வீட்டுப் பின்வளவில் அவள் சொல்லும் தூரத்தை அளக்க, கேட்காமலே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது தரம் சொன்னதில் பத்தொன்பது தரம் ஒரு மீட்டர்கூடப் பிசகவில்லை. இருபதாவது ஒன்றரை மீட்டர் பிழைத்தது. கணவர் இது போதும் என்றார். அவள் அடுத்த நாளும் நாடாவை எடுத்தாள்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் திரும்பப் போனாள். முதல்நாள் இருபத்தாறு மீட்டரில் ஒன்று நின்றது. பார்த்துவிட்டு எழும்பி வந்தாள். இரண்டாம் நாள் பதினெட்டில் ஒன்று நின்றது, ஆனால் அதற்குப் பின்னால் மண்மேடு இல்லை, குதிரைக் கொட்டில். அதையும் விட்டாள். அந்த இரண்டு நாளும் காரில் திரும்பி வரும்போது அவளுக்கு ஏனோ பாட்டுப் பாட வேண்டும் போல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழரை. புல்லில் பனி. காற்று முகத்துக்கு நேரே. மேற்கு வேலியோரம் அரைமணி நேரம் தவழ்ந்து, ஒரு பழைய மரக்கட்டைக்குப் பின்னால் இருந்தாள். முயல் ஒன்று வேலிக்குள்ளிருந்து வெளியே வந்தது, நின்றது, மேய்ந்தது. இன்னும் கிட்ட வந்தது. பத்தொன்பது. பின்னால் மேடு. குட்டியோடு நிற்கும் தாயில்லை. பக்கத்தில் ஆளோ குதிரையோ இல்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே குறி அசையாமல் நின்றது. அழுத்தினாள்.

முயல் இருந்த இடத்திலேயே சரிந்தது. ஒரு கால் ஒருதரம் உதறியது, அவ்வளவுதான். இன்னொரு சன்னம் ஏற்றிக் காத்திருந்தாள். தேவைப்படவில்லை. கிட்டப் போய், உயிர் போய்விட்டதா என்று கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில் முழங்காலில் இருந்து, சூடு ஆறாத அந்த மயிரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். சந்தோஷம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. டென்மார்க்கில் அத்தனை வருடம் தான் பாதி மட்டும் செய்த வேலையின் மற்றப் பாதி என்ன என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

குடலை அங்கேயே எடுத்தாள். ஈரலில் நோய்க்கு அடையாளமான வெள்ளைப் புள்ளி இல்லை என்று பார்த்தாள். வீட்டில் தோலை உரித்தபோது அது சட்டை கழற்றுவது போல வந்தது. வெளியூரில் இருந்து வந்திருந்த துஷ்யா கதவுநிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். வெங்காயம் உரித்துத் தரட்டுமா என்று கேட்டாள். மிளகாய்த்தூள், பெருஞ்சீரகம், ரம்பை, கறிவேப்பிலை எல்லாம் போட்டு, மெல்லிய நெருப்பில் இரண்டு மணி நேரம் வேகவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப் புளியும் விட்டாள். புட்டும் அவித்தாள்.

அன்று மத்தியானம் யோகராஜாவின் தமையன் சண்முகராசாவும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். ஒரு கலியாணத்துக்காக டென்மார்க்கில் இருந்து வந்தவர். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, இது கடை முயலில்லை என்று சரியாகச் சொன்னார். எங்கே அடித்தாய் என்று தம்பியைத்தான் கேட்டார்.

யோகராஜா புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னார். "நானில்லை அண்ணை. எனக்குத் துவக்கின்ரை முன்பக்கம் எது எண்டும் தெரியாது. அவதான் அடிச்சவ. ஒரு வருசமாப் பழகினவ. முதல் ஒண்டு பிழைச்சுப் போச்செண்டு இரண்டு மாசம் வயலுக்கே போகேல்லை. அப்பிடியொரு ஆள்."

முப்பத்திரண்டு வருடக் கலியாணத்தில் அவர் மற்றவர்களுக்கு முன்னால் தன்னைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி ஜெயகௌரி கேட்டதில்லை. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். முகத்தில் வந்த சிரிப்பை அடக்க அவளால் ஏலவில்லை.

சண்முகராசா ஆர் பழக்கியது என்று கேட்டார். டென்மார்க்கில் இதற்குச் சோதனையெல்லாம் எழுத வேண்டும் என்றார்.

"ஒருத்தரும் பழக்கேல்லை அத்தான். சோதினை எழுதினனான்தான். நானே வைச்சு, ஒருக்காப் பெயிலாகி, பிறகுதான் பாஸ் பண்ணினனான்."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த துண்டை வாயில் வைக்கப் போனவர் நிறுத்தி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே வேட்டை இறைச்சி தின்று தனக்கு ஒரு பல்லே போயிருக்கிறது, உள்ளே சன்னம் கிடக்குமோ என்று மெதுவாகக் கேட்டார்.

ஜெயகௌரி கறிச்சட்டியைக் கொண்டுவந்து அவர் கோப்பையில் இன்னொரு தொடைத் துண்டு போட்டாள்.

"கிடவாது அத்தான். தலையிலைதான் பட்டது. தலை சட்டிக்கை வரேல்லை. நீங்கள் நல்லாக் கடிச்சுச் சாப்பிடுங்கோ."